120 பேர் வரும் நத்தார் ஒன்றுகூடல்: எல்லாரும் சேர்ந்து விளையாட என்ன வைக்கலாம்?

கொட்டகலைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துச் சபையில் இந்த வருடம் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். டிசம்பர் மூன்றாவது ஞாயிறு பிற்பகல் நத்தார் (கிறிஸ்மஸ்) ஒன்றுகூடல். பாட்டு, நாடகம், பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாம் ஞாயிறு பாடசாலை ஒளிவிழாவில் அதற்கு முன்பே முடிந்துவிடும். இது வேறு நாள். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், ஸ்டோர் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்று மூன்று இடத்து ஆட்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, விளையாடி, சிரித்துவிட்டுப் போகும் நாள். சபை ஆட்கள் மட்டுமில்லை, பக்கத்து லயத்து இந்துக் குடும்பங்களும் வருவார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் இரண்டு சிங்களக் குடும்பங்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் 120 பேர். அதில் 40 பேர் பிள்ளைகள், 25 பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

இடம் தோட்டத்துக் கலாசார மண்டபம். சீமெந்துத் தரை, 60 பிளாஸ்டிக் கதிரை, சுவரோரமாகக் கொஞ்சம் வாங்கு. வெளியே பிரட்டுக்களம் (காலையில் வேலைக்குப் பெயர் பதியும் திடல்) இருக்கிறது, ஆனால் டிசம்பர் மழையும் மூட்டமும் உங்களுக்குத் தெரியாததில்லை. 3 மணிக்கே மூடிக்கொண்டு வந்துவிடும். ஆகவே எல்லாம் மண்டபத்துக்குள்தான். விளையாட்டுக்கு ஒதுக்கிய பணம் 12,000 ரூபாய், பரிசும் அதற்குள் அடங்கவேண்டும்.

இதுவரை நடந்த ஒன்றுகூடல்களில் சங்கீதக் கதிரையும் தேசிக்காய் கரண்டி ஓட்டமும்தான். 10 பேர் விளையாடுவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் அம்மாயி சுவெட்டரைப் போட்டுக்கொண்டு ஓரத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டு, கேக் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். 30 வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்தெடுத்த மனிஷி அவர். அவருக்கும் அந்த நாளில் ஒரு பங்கு இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்படி எல்லாரையும் சேர்க்கிற விளையாட்டு தெரிந்தவர்கள், நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பண்டாரவளைத் தம்பி:

அக்கா, எங்கள் பக்கம் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டையே நத்தாருக்கும் வைப்போம். பணிஸ் சாப்பிடுதல், யானைக்குக் கண் வைத்தல், முட்டி உடைத்தல், கயிறு இழுத்தல், தலையணைச் சண்டை. விதியை விளக்கிச் சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். பணிஸை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டி எட்டிக் கடிக்கும்போது பார்க்கிற ஆட்களுக்கும் சிரிப்புத் தாங்காது. சிங்களக் குடும்பங்களுக்கும் இது பழகிய விளையாட்டு, கூப்பிடுமுன் வந்துவிடுவார்கள். யானைக்குப் பதிலாக பிரிஸ்டல் போர்டில் நத்தார் தாத்தாவைப் பெரிதாக வரைந்து, கண்ணைக் கட்டிவிட்டு மூக்கை ஒட்டச் சொல்லுங்கள்.

டிக்கோயா டீச்சர்:

மகள், நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாடசாலையிலும் சபையிலும் ஒளிவிழா, ஒன்றுகூடல் என்று பல காலம் நடத்தியவள். விளையாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த விளையாட்டை யார் சொன்னாலும், தோற்றவர் அடுத்த நிமிடம் என்ன செய்வார் என்று கேட்பேன். போய் உட்காருவார் என்றால், பெரிய கூட்டத்துக்கு அது ஆகாது. சங்கீதக் கதிரையில் முதல் இரண்டு சுற்றில் வெளியே போவது யார் என்று பாருங்கள். மெதுவாக நடக்கிற பாட்டி, இடிபடக் கூச்சப்படுகிற பெண்பிள்ளை, 4 வயதுக் குழந்தை. யாரைச் சேர்க்க நினைக்கிறோமோ அவர்களையே அது முதலில் ஓரத்துக்கு அனுப்புகிறது. கடைசியில் நிற்பது இரண்டு முரட்டுப் பையன்கள்.

தம்பி சொன்னவை நல்ல விளையாட்டுகள், ஆனால் திடலுக்கு உரியவை. முட்டி உடைத்தலை மண்டபத்துக்குள் வைக்கவே வேண்டாம். கண் கட்டியவர் கையில் பொல்லு, சுற்றி 40 பிள்ளைகள். தாத்தாவுக்கு மூக்கு வைப்பதை மட்டும் வாசல் பக்கம் ஒரு மூலையில் வையுங்கள். நேரத்தோடு வந்து காத்திருக்கும் பிள்ளைகளுக்கு அது போதும்.

முதல் வேலை ஆட்களைக் கலப்பது. அப்படியே விட்டால் மேல் டிவிஷன் ஒரு பக்கம், ஸ்டோர் லயம் ஒரு பக்கம் என்று உட்கார்ந்துவிடுவார்கள், பிறகு அசைக்கமுடியாது. பாலன் குடிலை நினைத்து 8 சத்தம் தெரிவு செய்யுங்கள்: ஆடு, மாடு, கழுதை, சேவல், புறா, மேய்ப்பருடைய நாய், கோயில் மணி, அழுகிற குழந்தை. ஒவ்வொன்றுக்கும் 15 துண்டு, ஆக 120. வாசலிலேயே ஆளுக்கு ஒன்று கொடுங்கள். படம் வரைந்து கொடுத்தால் வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் சிரமமில்லை. விசில் ஊதியதும் ஒருவரும் பேசக்கூடாது, தன் சத்தத்தை மட்டும் போட்டுக்கொண்டு தன் கூட்டத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். நடக்கமுடியாதவர்கள் இருந்த இடத்திலிருந்தே கத்தட்டும், மற்றவர்கள் அவர்களைச் சுற்றி வந்து கூடவேண்டும். இந்தச் சட்டத்தை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் அப்போதுதான் அம்மாயியின் வாங்கு அந்தக் குழுவின் நடு இடமாகும். சத்தத்துக்கு மொழி வேண்டாம், ஆகவே கடைக்காரக் குடும்பங்களுக்கும் எந்தத் தடையும் இல்லை. ஐந்து நிமிடத்தில் உங்கள் கையில் 8 குழு, குழுவுக்கு 15 பேர், மூன்று லயமும் கலந்து.

அடுத்தது ரயில். நான் நடத்தியவற்றில் பெரிய கூட்டத்துக்கு இதற்கு ஈடு ஒன்றும் இல்லை. கல், காகிதம், கத்தரிக்கோல் எல்லாருக்கும் தெரியும். அதை உடம்பால் செய்யவையுங்கள்: மேய்ப்பன், ஓநாய், ஆடு. மேய்ப்பன் ஓநாயை விரட்டுவான், ஓநாய் ஆட்டைப் பிடிக்கும், ஆடு மேய்ப்பனை மலையெல்லாம் அலையவைத்து வெல்லும். மேய்ப்பனுக்குக் கோலூன்றி நிற்கவேண்டும், ஓநாய்க்கு நகத்தைக் காட்டவேண்டும், ஆட்டுக்குக் காதுப் பக்கம் இரண்டு கையையும் வைக்கவேண்டும். இருவர் இருவராக முதுகைக் காட்டி நின்று, மூன்று எண்ணியதும் திரும்பி ஒன்றைச் செய்யவேண்டும். தோற்றவர் வென்றவருக்குப் பின்னால் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டியாகிவிடுவார். இனி தன் இன்ஜினுக்காகக் கத்துவதுதான் அவர் வேலை. இரண்டு பேர் ரயில் இன்னொரு இரண்டு பேர் ரயிலைச் சந்திக்கும், தோற்ற ரயில் முழுதாக மற்றதன் வாலில் சேரும். 120 பேரும் 60 ரயிலாகி, 30 ஆகி, 15, 8, 4, 2 என்று வந்து, ஏழாவது சுற்றில் ஒரே ரயில். பத்து நிமிடம்கூட ஆகாது. கடைசி இரண்டு ரயிலுக்கும் பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே என்று நம் மலைநாட்டு ரயில்களின் பெயரை வைத்து மண்டபத்தையே இரண்டாகப் பிரித்துக் கத்தவிடுங்கள். தோற்ற ஒருவர்கூட உட்காரமாட்டார். கால் வலிக்காரர்கள் வாங்கில் உட்கார்ந்தபடி பக்கத்தில் இருப்பவரோடு விளையாடலாம், வென்றால் பெயர்த்தி அவருக்குப் பதிலாக இன்ஜினாக ஓடுவாள்.

மூச்சு வாங்கியதும் எல்லாரையும் உட்காரவைத்து ஆள் தேடும் அட்டை கொடுங்கள். இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவந்தேன். அரைத் தாளில் 9 கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விவரம் எழுதுங்கள்: சிவனொளிபாதமலை உச்சி வரை ஏறியவர், டிசம்பரில் பிறந்தவர், மூன்று மொழி பேசுபவர், தப்பு மேளம் அடிக்கத் தெரிந்தவர், காமன் கூத்தில் வேடம் கட்டியவர், பேரப்பிள்ளைகள் பத்துக்கு மேல் உள்ளவர், ரொட்டி சுட்டால் வட்டமாக வரும் என்று சத்தியம் செய்பவர், வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸ் போட்டிருப்பவர், 30 வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். ஒரு பெரியவருக்கு ஒரு சின்னவர் என்று சோடி சேர்த்து, சோடிக்கு ஒரு அட்டை. சின்னவர் எழுதுவார், பெரியவருக்கு ஆளைத் தெரியும். ஒருவர் பெயரை ஒரு கட்டத்தில்தான் எழுதலாம். 60 அட்டைக்கு 30 தாள் போட்டோகொப்பி, செலவு அவ்வளவுதான்.

முதலில் முடித்தவருக்குப் பரிசு என்று வைக்கவேண்டாம், ஓட்டப்பந்தயமாகிவிடும். கால் மணி நேரம் விட்டு விசில் ஊதி, ஒவ்வொரு கட்டமாக மைக்கில் வாசியுங்கள். "30 வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர்கள் எழும்புங்கள்." உங்கள் மண்டபத்தில் எத்தனை பேர் எழும்புவார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். எழும்பினவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: முதல் நாள் மலைக்குப் போனபோது என்ன வயது? பிள்ளைகள் அதைக் கேட்கவேண்டும். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் பாட்டியைப் பற்றி இதுகூடத் தெரியாமல் வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹாலிஎல அண்ணன்:

டீச்சர் சொன்ன அட்டை நல்ல யோசனை. நான் அதோடு உண்மையான எண் பிங்கோவையும் சேர்க்கச் சொல்வேன், முக்கியமாகத் தேநீர் நேரத்துக்கு. ஓடவேண்டாம், குனியவேண்டாம், கையில் பிளேன்டீயோடு விளையாடலாம்.

அட்டையை நீங்களே கையால் எழுதினால் எண்கள் ஏறுமாறாக விழும், ஒரே நேரத்தில் பத்துப் பேர் கத்துவார்கள். முறையான அட்டையில் 9 நிரல், 3 வரிசை, வரிசைக்கு 5 எண், ஆக 15 எண். ஆறு அட்டையை ஒரு தொகுதியாக அச்சிட்டால் 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணும் அந்த ஆறில் ஒரே ஒரு முறை வரும். இதில் ஒரு நன்மை இருக்கிறது. 120 பேருக்கு 20 தொகுதி. நீங்கள் எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் மண்டபத்தில் சரியாக 20 பேரிடம் அது இருக்கும். ஆகவே ஒரு எண்கூட வெறுமனே போகாது, எங்கேயாவது ஒரு மூலையில் "இருக்கு" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பேனாவால் வெட்டவேண்டாம். ஆளுக்கு 15 கடலை கொடுத்து எண்ணின் மேல் வைக்கச் சொல்லுங்கள், அட்டையை அடுத்த வருடமும் எடுக்கலாம். அவித்த கடலை கொடுத்தால் ஆட்டம் முடியுமுன் தின்றுவிடுவார்கள், காய்ந்த கடலையே கொடுங்கள். முதல் ஐந்து எண், மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று நான்கு சின்னப் பரிசு போதும். முழு அட்டை நிரம்பும்வரை இழுத்தால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். எண்ணைத் தமிழிலும் சிங்களத்திலும் கூப்பிடுங்கள். அட்டையை விற்கவேண்டாம். காசு கொடுத்து வாங்கினால் அது சூதாட்டம் போல் தெரியும், போதகர் ஐயாவுக்கும் சங்கடம், கையில் காசில்லாத குடும்பத்துக்கும் சங்கடம்.

கொட்டகலைப் பிள்ளை:

டீச்சர், அண்ணன், தம்பி எல்லாருக்கும் நன்றி. ஆள் தேடும் அட்டையை வாசித்ததுமே எங்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். எழுதவேண்டிய விவரங்களை அம்மாவிடம் கேட்டு இப்போதே 20 சேர்ந்துவிட்டன.

இன்னும் மூன்று சந்தேகம். 16, 17 வயதுப் பையன்கள் வருவார்கள், ஆனால் கதவோரம் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆடு மாடு போலக் கத்து என்றால் வெளியே போய்விடுவார்கள். அவர்களை எப்படி உள்ளே இழுப்பது? இரண்டாவது, எங்கள் பக்கம் மழை நாளில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. ஸ்பீக்கரும் மைக்கும் இல்லாவிட்டால் என்ன செய்வது? மூன்றாவது பரிசு. 12,000 ரூபாயில் யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது?

லிந்துலை அக்கா:

தங்கச்சி, நான் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில்) வேலை செய்கிறேன், அதனால் என் கண் வேறு பக்கம் போகிறது. மழை நாளில் 120 பேரும் குடையோடும் நனைந்த செருப்போடும் வருவார்கள். சீமெந்துத் தரை ஐந்து நிமிடத்தில் வழுக்கும். வாசலில் உர பேக்கை விரித்து, குடையை வெளியே வைக்கச் சொல்லி, துடைக்க ஒருவரை நிறுத்துங்கள். ரயில் விளையாட்டுக்கு எல்லாரும் வெறுங்காலோடு இருப்பது நல்லது. சொக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஓடவிடவேண்டாம்.

கைக்குழந்தைகளும் தவழ்கிற பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் பலூன் உடைக்கும் விளையாட்டு வேண்டாம். உடைந்த துண்டை வாயில் போட்டால் மூச்சு அடைக்கும். பிங்கோவுக்குக் கொடுக்கிற கடலைக்கும் இதே கவனம் வேண்டும், சின்னப் பிள்ளை மடியில் இருக்கிறவர்களுக்குப் பெரிய பட்டன் கொடுங்கள்.

அப்புறம் நேரம். 2 மணிக்குத் தொடங்கினால் விளையாட்டு 4 மணிக்கு முடியட்டும். 6 மணிக்கு இருட்டிவிடும், மேல் டிவிஷன் ஆட்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மூட்டத்தில் ஏறவேண்டும். சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவிட்டால் பாட்டிமார் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார்கள்.

டிக்கோயா டீச்சர்:

லிந்துலை அக்கா சொன்னதை எழுதி மண்டபக் கதவில் ஒட்டுங்கள் மகள். அவ்வளவு முக்கியம்.

பையன்களைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். அந்த வயதில் விளையாடு என்றால் கூச்சம் வரும், ஒரு பொறுப்பைக் கொடுத்தால் நிமிர்ந்து நிற்பார்கள். 8 குழுவுக்கும் 8 பேரை ரயில்வே கார்டாகப் போடுங்கள். கையில் பச்சை, சிவப்பு டிமைத்தாள் கொடி, கழுத்தில் விசில். குழுவைச் சேர்ப்பது, வயதானவர்களுக்கு இடம் பிடிப்பது, யார் வென்றார் என்று தீர்ப்புச் சொல்வது எல்லாம் அவர்கள். போனை விடமாட்டான் என்கிற பையனிடம் ஆள் தேடும் அட்டையில் எழும்புகிறவர்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிடவேண்டும், அங்கே வைத்துச் சொன்னால் நழுவுவார்கள்.

கரண்ட் போனால் விசிலும் தப்பும் போதும். தப்பு அடிக்கத் தெரிந்தவர் உங்கள் லயத்தில் கட்டாயம் இருப்பார், அவரை மரியாதையாக முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கரண்ட் இருந்தாலும் நான் தப்பைத்தான் வைப்பேன். ஸ்பீக்கர் பாட்டுக்கு மேலே கத்திக் கத்தி அறிவிப்பவரின் தொண்டை போய்விடும், தப்பு நின்றால் மண்டபமே நிற்கும்.

பரிசு விஷயத்தில் ஒரு பெரிய பரிசு என்பதை மறந்துவிடுங்கள். 12,000 ரூபாயை 120 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 100 ரூபாய். எல்லாரும் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துப் போகும்படி செய்யலாம். குழுவுக்கு ஒரு பெட்டி, 8 பெட்டி. உள்ளே 15 பேருக்கும் 15 பொருள்: டொபி, பிஸ்கட் பக்கெட், சின்னத் துவாய் என்று உங்கள் கைக்கு ஏற்றபடி. அந்தப் பெட்டியை வைத்தே கீழே சொல்கிற விளையாட்டு. கடைசியில் யார் கையில் பெட்டி நிற்கிறதோ அவர் எடுத்துக்கொண்டு போகிறவர் இல்லை, தன் குழுவுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறவர். மிச்சப் பணத்தில் மூன்று பொதி செய்து, மூன்று பேரை இரகசியமாகத் தெரிவு செய்யுங்கள். புத்தாண்டு விளையாட்டில் மறைந்திருக்கும் விருந்தாளி என்று வைப்பார்களே, அதே முறை. இங்கே அவர்கள் மறைந்திருக்கும் ஞானியர். அவர்களிடம் கைகொடுத்து நத்தார் வாழ்த்துச் சொல்கிற 20ஆவது ஆளுக்குப் பொதி. யார் ஞானியர் என்று தெரியாததால் பிற்பகல் முழுதும் எல்லாரும் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள் இதைச் சாட்டாக வைத்துக் கைகொடுத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நேரம் மிஞ்சினால் ஆம் பக்கம், இல்லை பக்கம் வையுங்கள். கேள்வி கேட்டதும் ஆம் என்பவர்கள் ஒரு சுவருக்கும் இல்லை என்பவர்கள் மற்றச் சுவருக்கும் போகவேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கையைத் தூக்கினால் போதும். பிழையாகப் போனவர்களும் அடுத்த கேள்விக்கு ஓடலாம், வெளியேற்றம் கிடையாது. பாதி வேதத்திலிருந்து கேளுங்கள். ஞானியர் மூன்று பேர் என்று வேதத்தில் இருக்கிறதா? இல்லை. மத்தேயு மூன்று காணிக்கைகளைத்தான் சொல்கிறார், எண்ணிக்கை சொல்லவில்லை. மரியாள் கழுதையில் போனதாக லூக்கா எழுதியிருக்கிறாரா? அதுவும் இல்லை. சபை மூப்பர்களே பிழையான சுவருக்கு ஓடுவார்கள், பிள்ளைகளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். மற்றப் பாதியை நம் மலையிலிருந்து கேளுங்கள், அப்போது இந்துக் குடும்பங்கள் ஒதுங்கி நிற்கமாட்டார்கள். இலங்கையில் மிக உயரத்தில் இருக்கிற ரயில் நிலையம் நானுஓயாவா? இல்லை, பட்டிப்பொல. ரயில் பதுளைக்கு வந்தது 1924இலா? ஆம். லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் முதலில் தேயிலை போட்டது 100 ஏக்கரிலா? இல்லை, 19 ஏக்கர்தான்.

இனி பெட்டி விளையாட்டு. 8 குழுவும் 8 வட்டமாக உட்காரட்டும், பிள்ளைகள் பாயில், பெரியவர்கள் கதிரையில். நீங்கள் ஒரு கதை வாசிப்பீர்கள். இடது என்ற சொல் வந்தால் பெட்டி இடப்பக்கம் ஒரு ஆள் நகரவேண்டும், வலது என்றால் வலப்பக்கம். சுரங்கம் என்றால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் கண்ணை மூடி, ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது கத்துகிற மாதிரி ஊ என்று கத்தவேண்டும். கடைக்காரக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளை தோளைத் தொட்டுப் பக்கத்தைக் காட்டட்டும். தொடக்கத்தில் நிதானமாக வாசியுங்கள், நடுவில் வேகம் பிடியுங்கள். நான் ஒரு கதை எழுதித் தருகிறேன், உங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"நத்தார் தாத்தா கொழும்புக் கோட்டையில் பொடி மெனிக்கே ஏறினார். இடது பக்கச் சன்னலோரம் இடம் இருக்குமா என்று பார்த்தார். ஒரு அம்மா மூன்று பிள்ளைகளோடு இருந்தார். வலது பக்கம் போனார். அங்கே ஒரு மூட்டை மரக்கறி சீட்டில் உட்கார்ந்திருந்தது. சரி என்று கதவோரம் நின்றார். கண்டியைத் தாண்டியதும் குளிர் வந்தது. இடது கையால் தாடியை இழுத்துப் போர்த்தினார், வலது கையால் வடை வாங்கினார், இடது காலை மிதித்தவரை மன்னித்தார், வலது காலை மிதித்தவரையும் மன்னித்தார். ஹட்டனில் இறங்கவேண்டிய மனிதர் வடை சாப்பிட்ட சுகத்தில் தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தால் சுரங்கம்! சிங்கமலைச் சுரங்கம்! இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் இருட்டு. யாரோ அவருடைய தொப்பியை இடது பக்கம் இழுத்தார்கள், இல்லை இல்லை, வலது பக்கம் இழுத்தார்கள். வெளிச்சம் வந்தது, கொட்டகலை ஸ்டேஷனும் வந்தது. தாத்தா குதித்து இறங்கினார். மழை. குடையை இடது தோளில் சாய்த்தார், பையை வலது தோளில் போட்டார். இடது பக்கப் பாதையா வலது பக்கப் பாதையா என்று ஒரு பாட்டியிடம் கேட்டார். பாட்டி சொன்னார்: இடது பக்கம் போ, கொழுந்து மடுவத்தில் வலது பக்கம் திரும்பு, மறுபடி வலது, மறுபடி இடது, நாய் குரைத்தால் இடது, குரைக்காவிட்டால் வலது, படியில் ஏறு, அங்கே 120 பேர் உனக்காகக் காத்திருக்கிறார்கள். தாத்தா ஓடினார். இடது, வலது, இடது, வலது, இடது, வலது. கதவைத் தள்ளித் திறந்தார். பெட்டியைத் தூக்கிக் காட்டுங்கள், யார் கையில் இருக்கிறது?"

அந்த எட்டுப் பேரும் எழும்பிப் பெட்டியைத் திறந்து, தங்கள் வட்டத்தில் வயது கூடியவரிடமிருந்து பங்கிடத் தொடங்கட்டும். இது ஓடும்போதே சமையல் பக்கம் ஆள் அனுப்பித் தேநீரை ஊற்றச் சொல்லிவிடுங்கள்.

கொட்டகலைப் பிள்ளை:

டீச்சர், கதையை இன்றிரவே பிரதி எடுக்கிறேன். கதையில் சுரங்கத்தை இன்னும் ஒரு தடவை கூட்டிப் போடலாமா? எங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே ஹட்டனுக்கு ரயிலில் போகக் கேட்பவர்கள்.

டிக்கோயா டீச்சர்:

தாராளமாகப் போடுங்கள் மகள். வடை சாப்பிட்டுத் தூங்குகிற இடத்தில் கனவில் ஒரு சுரங்கம் வரட்டும். ஆனால் கடைசி ஓட்டத்தில் போடவேண்டாம், அந்த இடத்தில் பெட்டி நிற்காமல் போகவேண்டும்.